காங்கர்: காஷ்மீரத்துக் குளிரும் விருந்தோம்பலும்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரி மாதத்தில், சொல் சேகரிப்புக்காக ஸ்ரீநகரின் பழைய நகரப் பகுதியில் ஒரு வீட்டுக்குச் சென்றிருந்தேன். நாங்கள் அமர்ந்தவுடன் அந்த வீட்டின் மூதாட்டி, ஃபெரன் எனப்படும் நீண்ட தளர்ந்த அங்கிக்குள் வைத்திருந்த தம் கணப்புச் சட்டியை வெளியே எடுத்து, ஒரு சொல்லும் பேசாமல் என் பக்கம் நீட்டினார். "வேண்டாம் அம்மா, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று எனக்குத் தெரிந்த அரைகுறை உருதுவில் சொன்னேன். எண்பதை நெருங்கும் ஒருவரின் கையிலிருந்து சூட்டை வாங்கிக்கொள்வது எனக்கு முறையாகப் படவில்லை. அவரும் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஏறத்தாழ ஒரு மணி நேரம் அந்தச் சட்டி எங்கள் இருவருக்கும் நடுவே கம்பளத்தின் மீது கிடந்து, யாருக்கும் பயன்படாமல் சாம்பல் பூத்தது. இருவருமே நடுங்கினோம்.

பிழை என்னுடையது என்பதைத் திரும்பும் வழியில் உடன் வந்த காஷ்மீரித் தோழர் சொன்னார். நம் ஊரில் முதல் முறை மறுப்பது பண்பு. இரண்டாம் முறை வற்புறுத்தினால் வாங்கிக்கொள்வோம். அங்கே சோறு, தேநீர் ஆகியவற்றில் அந்த நாடகத்துக்கு இடமுண்டு. நெருப்பில் இல்லை. நீட்டப்பட்ட சட்டியை மறுத்தால், கொடுத்தவர் அதை மீண்டும் தம் அங்கிக்குள் வைத்துக்கொள்வது விருந்தாளியின் கண்முன்னே விருந்தைத் தாமே உண்பது போன்றதாகிவிடும். ஆகவே அது நடுவில் கிடந்தது.

அன்று முதல் இந்தப் பொருளைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் வாசித்து வருகிறேன். வாசிக்க வாசிக்க ஒன்று உறுத்தியது. இதைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி, காஷ்மீரத்துக் குளிர்காலத்தில் விருந்தினராக அமர்ந்திராதவர்கள் எழுதியது.

முதலில் பொருள். நாம் ஹிந்தி, உருது வழியாகக் 'காங்ரி' என்று அறிந்திருக்கும் இதற்குக் காஷ்மீரி மொழியில் காங்கர் என்று பெயர். உள்ளே கோண்டல் என்னும் சுட்ட மண் கிண்ணம். அதைச் சுற்றிப் பிரம்புக்கூடை போல மிலாறுகளால் பின்னிய உறை. மேலே பிடிக்க இரு கைகள். பின்புறத்தில் கட்டித் தொங்கவிட்ட ஒரு சிறு கரண்டி. கிண்ணத்தில் கரித்தூளை நிரப்பி, மேலே சில கங்குகளை வைத்துச் சாம்பலால் மூடுவார்கள். சினார் மர இலைகளை இலையுதிர்காலத்தில் எரித்து நீர் தெளித்து அணைத்து எடுக்கும் கரி இதற்கு உகந்தது. சாம்பலே இதன் விசை. அதைக் கரண்டியால் விலக்கினால் சூடு ஏறும், மூடினால் தணியும். சரியாக நிரப்பிய ஒரு காங்கர் பல மணி நேரம் தாங்கும்.

இந்தப் பல மணி நேரமும் ஒரே தன்மையுடையவை அல்ல. விருந்தோம்பல் முறை அதில்தான் அடங்கியிருக்கிறது. புதிதாக மூட்டிய காங்கர் புகையும், தலைவலி தரும். அதைத் தாழ்வாரத்தில் சற்று நேரம் வைத்திருந்து, புகை அடங்கிய பின்னரே உள்ளே கொண்டுவருவர். கடைசி மணி நேரத்தில் அது வெதுவெதுப்பு மட்டுமே. இடைப்பட்ட பொழுதுதான் அதன் நல்ல பொழுது. விருந்தினர் சொல்லிவிட்டு வருவதில்லை. அவர் வாசலில் நிற்கும் கணத்தில் நல்ல பொழுதில் இருக்கும் காங்கர் எது? வீட்டார் யாரோ ஒருவரின் அங்கிக்குள் இருப்பதுதான். ஆகவே, விருந்தினருக்குக் கொடுப்பது என்றால் தன் உடம்பிலிருந்து எடுத்துக் கொடுப்பது என்றே பொருள். கூடத்தில் பொதுக் கணப்பு எரியும் வீட்டில் விருந்தாளி வந்தால் யாருக்கும் குளிர் கூடுவதில்லை. காங்கர் இருக்கும் வீட்டில் யாருக்கோ கூடுகிறது. யாருக்கு என்பதற்குப் பின்னர் வருகிறேன்.

காஷ்மீரத்துக் குளிர்காலத்துக்குத் தனி நாட்காட்டி உண்டு. டிசம்பர் 21 முதல் 40 நாட்கள் சில்லை கலான். அடுத்த 20 நாட்கள் சில்லை குர்த். அதற்கடுத்த 10 நாட்கள் சில்லை பச்சா. பெருங்குளிர், சிறுகுளிர், குட்டிக்குளிர் என்று கொள்ளலாம். சில்லை என்பது நாற்பதைக் குறிக்கும் பாரசீகச் சொல்லின் வழி வந்தது. சூஃபிகளின் நாற்பது நாள் தனிமைத் தவத்துக்கும் அதுவே பெயர். தமிழ் முஸ்லிம்கள் பேச்சில் வழங்கும் 'சில்லா'வும் இதே சொல்தான். குளிரை ஒரு நோன்பாகப் பெயரிட்டிருக்கிறார்கள்.

இந்த நோன்பை யார் இருந்தார்கள், யார் விலகிச் சென்றார்கள் என்று கேட்டால் காஷ்மீர வரலாறே வேறு விதமாகத் தெரியத் தொடங்குகிறது. நீலமத புராணம் சொல்லும் தொன்மத்தின்படி, ஆதியில் மனிதர்கள் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு ஆறு மாதமே வாழ்ந்தனர். குளிர் தொடங்கியதும் அவர்கள் வெளியேற, பிசாசர்கள் குடியேறுவர். சித்திரையில் மனிதர்கள் மீள்வர். சந்திரதேவன் என்னும் முதிய அந்தணர் ஒருவர் வெளியேறாமல் அங்கேயே தங்கிக் குளிரில் வதைபட்டு, நாகர்களின் தலைவனான நீலனிடம் வரம் பெற்ற பின்னரே ஆண்டு முழுவதும் வாழும் உரிமை மனிதர்க்குக் கிடைத்தது. அதற்கு விலை, நீலன் விதித்த சடங்குகளையும் படையல்களையும் தவறாமல் செய்வது. முதற்பனி விழும் நாளுக்கும் அந்நூல் ஒரு விழாவை விதிக்கிறது: கனத்த உடை உடுத்தி, உறவினர் நண்பர்களோடு கூடி உண்டு களித்தல். குளிர்காலத்தில் அங்கே வாழும் உரிமையையே ஒரு விருந்தோம்பல் கடமையோடு பிணைத்துவைத்த தொன்மம் இது.

தொன்மம் அத்தோடு முடியவில்லை. முகலாயர்கள் 1586இல் காஷ்மீரத்தைக் கைப்பற்றிய பின் அதைக் கோடை வாசத்தலமாகவே கொண்டனர். காஷ்மீரத்தை எல்லோரினும் அதிகமாக விரும்பிய ஜஹாங்கீர், 1627இல் குளிருக்கு முன் லாகூருக்குத் திரும்பும் வழியில் இறந்தார். டோக்ரா மன்னர் ரண்பீர் சிங் காலத்தில், 1872 முதல், அரசின் தலைமை அலுவலகங்களே குளிர்காலத்தில் ஜம்முவுக்கு இடம்பெயரத் தொடங்கின. கோப்புகள், எழுத்தர்கள், அமைச்சர்கள் அனைத்தும் மூட்டை கட்டிக்கொண்டு பள்ளத்தாக்கை விட்டுச் செல்லும் அந்த ஏற்பாடு 2021இல் நிறுத்தப்படும்வரை நீடித்தது. நீலமத புராணத்து மனிதர்களைப் போல அரசு ஆறு மாதம் இருந்தது, ஆறு மாதம் போனது. தங்கிவிட்ட குடிகளிடம் காங்கர் இருந்தது.

ஐரோப்பியருக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் குளிர்காலத்தில் தங்க அனுமதி கிடைப்பது அரிது. இலையுதிர்காலத்தில் வெளியேறிவிட வேண்டும். இதில் வில்லியம் ஜாக்சன் எல்ம்ஸ்லி என்னும் ஸ்காட்லாந்து மருத்துவரின் கதை என்னை மிகவும் பாதித்தது. 1865இல் ஸ்ரீநகருக்கு வந்து மருந்தகம் தொடங்கிய மிஷன் மருத்துவர் அவர். காஷ்மீரிகளின் தொடையிலும் அடிவயிற்றிலும் மட்டும் தோன்றும் ஒரு தோல் புற்றுநோயைக் கண்டு, அதைக் காங்கர் சூட்டோடு தொடர்புபடுத்தி 1866இல் இந்திய மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். பின்னாளில் ஸ்ரீநகர் மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய எர்னஸ்ட் நீவ் போன்றோர் அதை விரிவாக ஆராய்ந்தனர். மருத்துவ நூல்களில் இன்றும் அந்த நோய்க்குக் காங்ரியின் பெயர்தான். ஆக, எல்ம்ஸ்லி கண்டது கோடையில் வரும் நோயாளியின் வடுவை. அந்த வடுவை உண்டாக்கிய குளிர்கால இரவு அவர் பார்வைக்கு வெளியே இருந்தது. அவர் தொகுத்த காஷ்மீரிச் சொற்றொகை 1872இல் வெளிவந்தது. அதே ஆண்டின் இலையுதிர்காலத்தில், உடல் நலிந்த நிலையில், மலைகளைக் கடந்து வெளியேறிய அவர் பஞ்சாபின் குஜ்ராத் நகரில் இறந்தார். ஒருவேளை அந்தக் குளிர்காலத்தைப் பள்ளத்தாக்கில் ஒரு வீட்டில் கழிக்க முடிந்திருந்தால் பிழைத்திருப்பாரோ என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. இது வரலாற்றாய்வுக்கு உதவாத எண்ணம்தான்.

எல்ம்ஸ்லி சொன்னது தவறில்லை. காங்கர் தோலைச் சுடுகிறது; வலைபோன்ற கருந்தடத்தை விடுகிறது; ஆண்டுகள் பல கழிந்து புற்றாகவும் ஆகலாம். ஆயினும், ஒரு பொருளை அதன் நோய் வழியாக மட்டுமே அறிந்த எழுத்து மரபு, அதைத் தனிமனிதனின் தீய பழக்கமாகவே காணும். காங்கர் கைமாறும் பொருள் என்பது அந்த எழுத்துகளில் பெரும்பாலும் இல்லை.

இதே கண்ணோட்டத்தின் இன்னொரு விளைவு, காங்கரின் தோற்றம் பற்றிய பழைய ஊகம். முகலாயப் பேரரசர்களின் பரிவாரத்தில் வந்த இத்தாலியர்களிடமிருந்து காஷ்மீரிகள் இதைக் கற்றிருக்கலாம் என்று ஆங்கில நூல்களில் ஒரு கருத்து உலவியது. இத்தாலியிலும் கையில் எடுத்துச் செல்லும் கணப்புச் சட்டி உண்டு என்பதே அதற்கு ஆதாரம். கோடையில் வந்து கோடை முடிவில் போன பரிவாரம் குளிர்காலக் கருவியை எப்போது பிடித்துக் காட்டியது? ஃபெரன் அங்கியையும் அக்பர்தான் காஷ்மீரிகளின் போர்க்குணத்தைக் குறைப்பதற்காகத் திணித்தார் என்றொரு கதை இதோடு சேர்ந்தே உலவியது. அங்கியும் வெளியிலிருந்து வந்தது, அதற்குள் இருந்த நெருப்பும் வெளியிலிருந்து வந்தது என்றால், அந்தக் குளிரில் அதற்கு முன் மக்கள் என்னதான் செய்துகொண்டிருந்தார்கள்?

சொற்கள் வேறு சாட்சி சொல்கின்றன. காங்கர் என்பதைக் 'காஷ்டாங்காரிகா' என்னும் வடசொல்லோடு இணைப்பர்: காஷ்டம் விறகு, அங்காரம் கங்கு. செவ்வாய்க் கோளுக்கு நாம் சொல்லும் அங்காரகன் என்ற பெயரில் இருப்பதும் இதே அங்காரம்தான். அமரகோசம் கங்குச் சட்டிக்குச் சில பெயர்களைத் தருகிறது. ஒன்று அங்காரசகடி, அதாவது கங்கு வண்டி. மற்றொன்று ஹஸந்தி. அதற்குச் 'சிரிப்பவள்' என்று பொருள். சாம்பலை விலக்கும்போது பளிச்சிடும் கங்கைக் கண்டவர்தான் அப்பெயரை இட்டிருக்க வேண்டும். 12ஆம் நூற்றாண்டுக் காஷ்மீரக் கவி மங்கனின் ஸ்ரீகண்டசரிதத்தில் 'ஹஸந்திகா' என்ற சொல் வருகிறது. முகலாயர் வருகைக்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் முந்தியது அது. அந்தச் சட்டி இன்றைய காங்கரின் வடிவிலேயே இருந்தது என்று இதைக்கொண்டு நிறுவ முடியாது. கணப்புச் சட்டியைக் கற்றுத்தர இத்தாலியர் தேவைப்படவில்லை என்பதற்கு இது போதும்.

தமிழில் இதை எப்படிச் சொல்வது என்பதும் எனக்குச் சிக்கலாக இருந்தது. நெடுநல்வாடை காட்டும் வாடைக்கால மதுரையில் 'தடவு' என்னும் கணப்புச் சட்டி உண்டு; நிகண்டுகளில் 'இந்தளம்' உண்டு. இரண்டும் இன்று வழக்கில் இல்லை. நமக்கு மிஞ்சியது 'குளிர்காய்தல்' என்ற வினை. அதையும் இன்று பிறர் துன்பத்தில் ஆதாயம் தேடுவதைக் குறிக்கவே பெரிதும் ஆள்கிறோம். குளிர் அரிதான நிலத்தில் நெருப்பருகே அமர்வதே ஒரு பழிச்சொல்லாகிவிட்டது போலும்.

காஷ்மீரத்தில் எதிர்த்திசையில் நடந்திருக்கிறது. அங்கே காங்கர் சூட்டுக்கு அப்பாலும் வரவேற்பின் குறியாக வளர்ந்தது. திருமண வீட்டில் மணமகனும் விருந்தினரும் வரும்போது, பெண்கள் காங்கரின் கங்கில் இஸ்பந்து என்னும் விதைகளைத் தூவுவர். விதை வெடித்து மணமான புகை எழும்; கண்ணேறு கழியும் என்பது நம்பிக்கை. முஸ்லிம்கள், பண்டிதர்கள் இரு சாராரிடமும் உள்ள வழக்கம் இது. கோடைத் திருமணத்திலும், யாருக்கும் சூடு தேவைப்படாத நாளிலும், காங்கர் வாசலுக்கு வருகிறது. மணமான மகளின் முதல் குளிர்காலத்துக்குப் பிறந்த வீட்டார் வண்ண வேலைப்பாடுள்ள காங்கரைக் கொடுப்பதுண்டு; சரார்-இ-ஷரீஃப் காங்கர்கள் அதற்குப் பெயர்பெற்றவை. பண்டிதர் வீடுகளில் மகர சங்கராந்தியன்று இறந்தோர் பெயரால் கரி நிரப்பிய காங்கரைப் புரோகிதருக்குத் தானமாகக் கொடுப்பர். இறந்தவருக்கும் குளிருமல்லவா? 1990க்குப் பின் பள்ளத்தாக்கை விட்டு வெளியேற நேர்ந்த குடும்பங்கள் சில, ஜம்முவிலும் தில்லியிலும் இந்தத் தானத்தை விடாமல் செய்கின்றன.

இனி, யாருக்குக் குளிர் கூடுகிறது என்ற கேள்வி. காங்கரை நீட்டுபவர் பெரும்பாலும் வீட்டுத் தலைவர் அல்லது மூத்தவர். அவர் கை வெறுமையானதும், உள்ளிருந்து மற்றொன்று அவருக்கு வரும். அதை நிரப்புபவர் மருமகள், அல்லது மகள், அல்லது வேலையாள். அதிகாலையிலும் அந்தியிலும் வீட்டில் எத்தனை பேரோ அத்தனை காங்கர்களையும் நிரப்புவது பெண்களின் வேலை. நான் பேசிய பெண்களில் ஒருவர், புக்ககம் வந்த முதல் குளிர்காலத்தில் தம் காங்கர் எப்போதும் கடைசியாகவே நிரம்பியது என்றார். விருந்தினர் வந்த நாளில் நிரம்பவே இல்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார். விருந்தோம்பலை வியந்து எழுதும் நூல்கள் கொடுத்த கையைப் பாடும். சங்கிலியின் கடைசிக் கண்ணியில் வெறுங்கையோடு நின்றவரைப் பாடுவதில்லை. இவ்வழக்கத்தை நான் மதிக்கிறேன். அதன் செலவை யார் கணக்கில் எழுதினார்கள் என்று கேட்பதும் அந்த மதிப்பில் அடக்கம் என்று கருதுகிறேன்.

அண்டை நிலமான லடாக்கில் வேறு ஏற்பாடு. அங்கே சமையலறையின் பெரிய அடுப்பே வீட்டின் வெப்பம். அதைப் பங்கிட்டுக் கையில் கொடுக்க இயலாது. ஆகவே அமரும் வரிசையே முறையாயிற்று. 'டிரல்' எனப்படும் அந்த வரிசையின் தலையில் துறவியரும் உயர்குடியினரும் முதியோரும் அமர்வர். தாழ்ந்தோராகக் கருதப்பட்ட மோன், பேடா போன்ற இசைக்குடியினருக்குக் கதவோரம். கதவோரத்தில் என்ன வீசும் என்று சொல்ல வேண்டியதில்லை.

காஷ்மீரத்திலும் வெப்பம் கையிலிருந்து அறைக்கு மாறியபோது இதே சிக்கல் எழுந்தது. பள்ளிவாசல்களை ஒட்டிய ஹமாம்கள் பழையவை: கற்பலகைத் தரைக்கு அடியில் விறகெரித்து, தரையையும் செப்புக் கொப்பரை நீரையும் சூடாக்கும் அறைகள். தொழுகைக்கு முன் கைகால் கழுவ வந்தவர்கள் அங்கே அமர்ந்து ஊர்ச்செய்தி பேசுவர். வழிப்போக்கரும் வந்து முதுகைச் சூடாக்கிக்கொள்ளலாம். அறிமுகமில்லாதவருக்கும் கிடைத்த விருந்து அது. ஆணாக இருந்தால் மட்டும். பின்னர் வசதியுள்ள வீடுகள் தமக்கென ஹமாம் அறை கட்டிக்கொண்டன. இரும்புப் புகாரிகளும் பரவின. புகாரி என்ற பெயர் ஆவியைக் குறிக்கும் 'புகார்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து வருவது; உருதுவில் காய்ச்சலுக்கும் அச்சொல்லே. புகாரி எரியும் அறை ஒன்றே ஒன்று. வீடு முழுவதும் அந்த ஓரறைக்குள் சுருங்குகிறது. விருந்தினர் வந்தால் கதவிலிருந்து விலகிய இடம் அவருக்கு; பிள்ளைகள் கதவுப் பக்கம் நகர்வர்; தேநீர்க்காக எழுந்து சமையலறைக்குப் போகிறவர் குளிருக்குள் போய் வருகிறார். கதவைச் சாத்தாமல் வருகிறவர் எவ்வளவு பெரிய மனிதரானாலும் ஒரு பார்வைக்கு ஆளாவார். நானும் ஆளானேன்.

இப்போது மின்போர்வை, மின்கணப்பு, எரிவாயுக் கணப்பு எல்லாம் வந்துவிட்டன. குளிர்கால மின்வெட்டு அட்டவணையைத் தெரிந்து வைத்துக்கொண்டு விருந்துக்குச் செல்வதும் நாகரிகமாகிவிட்டது. மூடிய அறையில் கரியோ எரிவாயுவோ எரித்து உறங்கியவர்கள் மூச்சுத்திணறி இறந்த செய்தி குளிர்காலந்தோறும் வருகிறது. கரிமத்தின் நச்சுவாயுவுக்கு மணமில்லை. பழைய வீடுகளில் புதுக் காங்கரைத் தாழ்வாரத்தில் வைத்துப் புகையடக்கியதும், உறங்குமுன் விருந்தினரின் படுக்கையிலிருந்து காங்கரை யாராவது ஒருவர் வந்து எடுத்துச் சென்றதும் இதற்கான காவல்தான். பொத்தானை அழுத்தினால் எரியும் கணப்பை அணைக்க இரவில் யாரும் எழுந்து வருவதில்லை.

அந்த மூதாட்டியைச் சென்ற பிப்ரவரியில் மீண்டும் சந்தித்தேன். சில்லை பச்சாவின் கடைசி நாட்கள். குளிர் அவ்வளவாக இல்லை. இருந்தும் நீட்டினார். இம்முறை வாங்கி, இரவல் ஃபெரனுக்குள் வைத்துக்கொண்டேன். சூடு பழகாமல் நெளிந்ததைக் கண்டு, சாம்பலை எப்படி மூடுவது என்று கரண்டியைப் பிடித்துக் காட்டினார். அவருக்கு இன்னொரு காங்கரை எடுத்து வந்தது பேத்தி. அவளுடைய காங்கர் எங்கே என்று கேட்டேன். கல்லூரிப் பெண், கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, தனக்கு அது பிடிப்பதில்லை, ஃபெரனில் கரி வாடை வருகிறது என்றாள். பாட்டி காஷ்மீரியில் ஏதோ சொன்னார். மொழிபெயர்க்கச் சொன்னபோது பேத்தி மறுத்துவிட்டாள்.